வத்தக்குழம்பு போட்ட கோடு: மைக்ரோவேவுக்கு எந்தப் பாத்திரம் வாங்கலாம்?

எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. வெளியே பார்த்தால் நல்ல டப்பாதான். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண், பக்கத்தில் மைக்ரோவேவ் சேஃப் என்ற எழுத்து, எல்லாம் முறைப்படி இருக்கிறது. உள்ளே விரலை விட்டுத் தடவினால்தான் பாதி உயரத்தில் வட்டமாக ஒரு கோடு தட்டுப்படும், வெள்ளையாக, சொரசொரவென்று, சின்னச் சின்னக் குழிகளாக. ஒரு நாள் மதியம் மிச்சமிருந்த வத்தக்குழம்பை அதில் ஊற்றி மூன்று நிமிடம் வைத்ததில் வந்தது அது. குழம்பின் மேலே மிதந்த நல்லெண்ணெய் எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரம். அதற்குக் கீழே குழம்பு தொட்ட இடமெல்லாம் மஞ்சள் கறை மட்டும்தான், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் தங்கை புதுக் குடித்தனத்துக்கு மைக்ரோவேவ் வாங்கிவிட்டு, "அக்கா, கண்ணாடியா பிளாஸ்டிக்கா, ஒரே வார்த்தையில் சொல்லேன்" என்று போனில் கேட்டாள். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அரை மணி நேரம் பேசினேன், பாதியில் அவளுக்குப் பால் பொங்கிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடம் இதை வைத்துக் குடித்தனம் பண்ணியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: பிளாஸ்டிக்குக்கு எமன் எண்ணெய், கண்ணாடிக்கு எமன் ஈரமான கல்மேடை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஓவன் என்று எழுதுவதா, அவன் என்று எழுதுவதா என்பது இன்னொரு குழப்பம். "அவனைத் திறந்து பார்த்தேன்" என்று எழுதினால் கொலை வழக்கு மாதிரி இருக்கிறது. நான் மைக்ரோவேவ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சரி, முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம். மேக்னட்ரான் என்ற குழாய் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகளைக் கிளப்புகிறது, ஓர் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. இந்த அலைகள் சாப்பாட்டில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளைத் திருப்பித் திருப்பி ஆட்டுகின்றன, அந்த ஆட்டத்தில் சூடு பிறக்கிறது. அலை உள்ளே போவது ஓரிரு அங்குலம்தான், அதற்கு மேல் நடுவில் இருப்பதற்கு வெளிப்பக்கத்துச் சூடு மெல்ல மெல்லப் பரவ வேண்டும். அடுப்பில் முதலில் பாத்திரம் சூடாகி, பிறகு அது சாப்பாட்டைச் சூடாக்கும். இங்கே சாப்பாடுதான் முதலில் சூடாகிறது, பாத்திரம் அதனிடமிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. ஆகவே நல்ல மைக்ரோவேவ் பாத்திரத்தின் வேலை அலைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது. தானே அலையைக் குடித்துச் சூடாகவும் கூடாது, அலையைத் திருப்பி அடிக்கவும் கூடாது.

இதை வைத்து வீட்டில் இருக்கும் எந்தப் பீங்கான், கண்ணாடிப் பாத்திரத்தையும் சோதித்துவிடலாம். சந்தேகப்படும் பாத்திரத்தைக் காலியாக உள்ளே வையுங்கள், பக்கத்திலேயே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வையுங்கள், முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி, பாத்திரம் சில்லென்று இருந்தால் நல்ல பாத்திரம். தண்ணீர் ஆறியபடி இருக்கப் பாத்திரம் சுட்டால் அது மைக்ரோவேவுக்கு வேண்டாம். தண்ணீர் டம்ளரை மட்டும் மறந்துவிடாதீர்கள், உள்ளே அலையை வாங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லாவிட்டால் அது மேக்னட்ரானுக்கே திரும்பிப் போய் அதைக் கெடுக்கும். உலோகம், தங்கக் கோடு போட்ட பாத்திரங்களுக்கு இந்தச் சோதனையே கூடாது, பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை இது பாதிப் பதில்தான். பிளாஸ்டிக் அலைக்கு வழிவிடும், எண்ணெய்ச் சூட்டுக்குத் தாங்காது, அது வேறு கணக்கு.

பாத்திரத்துக்குப் போவதற்கு முன் உங்களிடம் இருக்கும் இயந்திரம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் மைக்ரோவேவ் மட்டும் உள்ளதை சோலோ என்கிறார்கள். கிரில் வைத்தது ஒன்று, கன்வெக்‌ஷன் வைத்தது ஒன்று. நம் ஊர்க் கடைகளில் கன்வெக்‌ஷன் மாடலைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கேக் செய்யலாம், தந்தூரி செய்யலாம் என்று. வாங்கிய பிறகு பெரும்பாலானோர் சாம்பார் சூடு பண்ணுகிறோம், அது வேறு விஷயம். ஆபத்து எங்கே என்றால், ஒரே பெட்டிக்குள் இரண்டு விதமான அடுப்பு இருக்கிறது. கன்வெக்‌ஷனில் சூடான காற்று 180, 200 டிகிரி என்று சுற்றுகிறது, அது சாதாரண பேக்கிங் அடுப்பு. 5 எண் போட்ட டப்பாக்களின் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் சுமார் 160 டிகிரியில் உருகும். மைக்ரோவேவ் சேஃப் என்று எழுதியிருந்தால் மைக்ரோவேவ் முறைக்கு மட்டும்தான் சேஃப், கன்வெக்‌ஷனுக்கும் கிரில்லுக்கும் அல்ல. என் சித்தி பையன் இந்த வித்தியாசம் தெரியாமல் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பன்னீரை வைத்துப் பட்டனை மாற்றி அழுத்திவிட்டான், பத்து நிமிடத்தில் கிண்ணம் தோசையாகி கம்பித் தட்டு வழியாக ஒழுகிவிட்டது. வீடு முழுக்க நாற்றம் இரண்டு நாள். அதே போல அலுமினிய கேக் டின் கன்வெக்‌ஷனில் தாராளமாக வைக்கலாம், மைக்ரோவேவ் முறையில் வைக்கக் கூடாது. இரண்டும் கலந்து ஓடும் காம்பினேஷன் முறைக்கு போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடி ஒன்றுதான் நிம்மதி. இந்த ஒரு காரணத்துக்காகவே கன்வெக்‌ஷன் மாடல் வைத்திருப்பவர்களுக்கு நான் பிளாஸ்டிக்கே சொல்வதில்லை, வீட்டில் நாலு பேர் நாலு பட்டனை அழுத்துவார்கள், எல்லோருக்கும் பாடம் எடுக்க முடியாது.

இனி பிளாஸ்டிக். டப்பாவின் அடியில் இருக்கும் முக்கோண எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில். கொதிக்கும் ரசம் ஊற்றினாலே சுருங்கும். 3 பி.வி.சி., 6 பாலிஸ்டைரீன், தெர்மகோல் கிண்ணமும் இதே வகைதான். இவை எதையும் உள்ளே விடாதீர்கள். 7 என்பது மற்றவை எல்லாம் சேர்ந்த கூட்டம், அதில் பாலிகார்பனேட்டும் உண்டு, பி.பி.ஏ. என்ற ரசாயனம் பற்றிய பேச்சு வருவது அதனால்தான். நமக்கு வேண்டியது 5, பாலிபுரொப்பிலீன். மைக்ரோவேவ் சேஃப் என்று விற்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் இதுதான். ஓட்டலில் பிரியாணி, குழம்பு கட்டித் தரும் கறுப்பு டப்பாவும் பெரும்பாலும் இதே ஜாதி, ஆனால் அது ஒரு தடவைக்கு என்று மெல்லிசாகச் செய்தது, அதைக் கழுவிக் கழுவி ஆறு மாதம் ஓட்டுவது நம் குணம். என் அம்மாவிடம் அப்படி ஒரு கோபுரமே இருக்கிறது. சாமான் வைக்க இருக்கட்டும், சூடு பண்ண வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்.

தண்ணீர் நூறு டிகிரியைத் தொட்டதும் ஆவியாகித் தப்பித்துக்கொள்ளும். சோறு, இட்லி, ரசம், கீரை மசியல் எல்லாம் தண்ணீர் மயம், அதனால் அவை நூறைத் தாண்டிப் போவது கஷ்டம், நல்ல பாலிபுரொப்பிலீன் டப்பா உருகாமல் நிற்கும். எண்ணெய்க்கு அந்தக் கடிவாளம் கிடையாது. காரக்குழம்பு, தக்காளித் தொக்கு, பட்டர் மசாலா, கறிக்குழம்பு இவற்றில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும், அந்தப் படலம் நூறைத் தாண்டிக் கொதித்து டப்பாவின் சுவரை அரிக்கும். தக்காளியும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். பாகு வைத்த இனிப்புக்கும் இதே கதைதான், குலாப் ஜாமூனைப் பிளாஸ்டிக்கில் சூடு பண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உருகாவிட்டால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் தோன்றுகிறது. 2023இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தை உணவுக்கான பாலிபுரொப்பிலீன் டப்பாக்களிலும் பாலிஎதிலீன் பையிலும் தண்ணீரையும் லேசான அமிலத்தையும் ஊற்றி மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சில டப்பாக்களில் ஒரு சதுர செ.மீ. பரப்பிலிருந்து 40 லட்சத்துக்கு மேற்பட்ட நுண் துகள்களும் 200 கோடிக்கு மேற்பட்ட நானோ துகள்களும் உதிர்ந்தன. அதிகபட்சக் கணக்கு அது, எல்லா டப்பாவும் அவ்வளவு உதிர்க்கும் என்று அர்த்தமில்லை, அது உடம்பை என்ன செய்யும் என்பதும் வேறு கேள்வி. ஆனால் மைக்ரோவேவ் சேஃப் என்ற முத்திரைக்கு டப்பா நெளியாது, பொசுங்காது என்பதற்கு மேல் பெரிய வாக்குறுதி எதுவும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கைக்குழந்தைக்குக் கொடுப்பதைப் பிளாஸ்டிக்கில் சூடு பண்ணவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மெலமைன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் ஆளை ஏமாற்றும். பீங்கான் மாதிரி பளபளப்பு, பூப்போட்ட தட்டு, கீழே போட்டால் உடையாது, கல்யாணத்துக்கு யாராவது ஒரு செட் கொடுத்திருப்பார்கள். தட்டினால் பீங்கான் போல 'டிங்' என்று ஒலிக்காது, 'டொக்' என்று இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடியுங்கள். இது மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின். அலையைத் தானே குடித்துச் சூடாகும், சூட்டில், அதுவும் புளி எலுமிச்சை போன்ற புளிப்போடு சேர்ந்தால், மெலமைன் சாப்பாட்டில் இறங்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே மெலமைன் தட்டில் வைத்து மைக்ரோவேவ் பண்ணாதீர்கள் என்று சொல்கிறது. சாப்பிடப் பரிமாற வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வேண்டாம்.

கண்ணாடிக்கு வருவோம். கடையில் கண்ணாடி என்று ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பது மூன்று விதம். ஒன்று போரோசிலிகேட். ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியது, ஆய்வுக்கூடக் குடுவைகள் இதில்தான். சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும், திடீர்ச் சூட்டுக்கும் குளிருக்கும் தாங்குவது அதனால்தான். இது சமையலறைக்கு வந்த கதை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியில் வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன் பேட்டரிக்காகச் செய்த கண்ணாடி ஜாடி ஒன்றின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார், அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் செய்து பார்த்தார், கேக்கும் நன்றாக வந்தது, ஜாடியும் உடையவில்லை. 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் பாத்திரம் விற்பனைக்கு வந்தது. ஆனால் அமெரிக்காவில் இன்று விற்கும் பைரெக்ஸ் பாத்திரம் போரோசிலிகேட் அல்ல, பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடி. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டு வந்தது என்று பெயரை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். நம் ஊரிலும் போரோசில் என்பது 1962இல் தொடங்கிய கம்பெனியின் பெயர், நாம் அதையே பொருளின் பெயராக்கிவிட்டோம். அந்தக் கம்பெனியே ஓபல் தட்டும் விற்கிறது. பெட்டியில் போரோசிலிகேட் என்ற முழுச் சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, டஃபன்டு அல்லது டெம்பர்டு கிளாஸ். சாதாரணக் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கியது. கீழே விழுந்தால் போரோசிலிகேட்டைவிட நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் சூட்டிலிருந்து குளிருக்கு மாறுவதில் அவ்வளவு தைரியம் கிடையாது, உடைந்தால் பட்டாணி பட்டாணியாக வெடித்துச் சிதறும். மூன்றாவது ஓபல், பால் வெள்ளைத் தட்டுகள். பரிமாறிய தட்டில் சோறு ஆறிவிட்டது, இரண்டு நிமிடம் வைத்து எடு என்பதற்கு ரொம்ப வசதி. சமைக்க எல்லாம் வேண்டாம். ஓரத்தில் தங்கக் கோடு இருந்தால் அதுவும் வேண்டாம், அது நிஜமான உலோகம், தீபாவளி கொண்டாடிவிடும்.

கல்மேடை விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் உடைந்த ஒரே கண்ணாடிப் பாத்திரம் மைக்ரோவேவுக்குள் உடையவில்லை. கொதிக்கக் கொதிக்க எடுத்து, அப்போதுதான் துடைத்த கிரானைட் மேடையில் வைத்தேன். இரண்டு நொடி அமைதி, அப்புறம் 'டப்'. கூட்டு முழுக்கக் கண்ணாடித் தூள், அன்று மதியம் தயிர்சாதம். கிரானைட் சூட்டை வேகமாக உறிஞ்சும், ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மேடையில் ஒரு மரப்பலகையோ மடித்த துணியோ போட்டு அதன் மேல் வைக்கும் பழக்கம் வந்த பிறகு உடையவில்லை. ஃபிரீசரிலிருந்து எடுத்த கண்ணாடியையும் நேராக முழு வேகத்தில் வைக்காமல் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு டீஃப்ராஸ்டில் தொடங்குவது நல்லது. கீறல் விழுந்த கண்ணாடி, ஓரம் தெறித்த கண்ணாடி எதுவாக இருந்தாலும் ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடி டப்பாவின் மூடி எப்படியும் பிளாஸ்டிக்தான், நாலு பக்கம் கிளிப், உள்ளே சிலிகோன் வளையம். அதை இறுக்கி மூடி வைத்தால் ஆவி போக வழியில்லாமல் தெறிக்கும், ஆறும்போது மூடி உள்ளே இழுத்துக்கொண்டு திறக்கவே வராது. ஆவித் துளை இருந்தால் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூடியை எடுத்துவிட்டு ஓர் ஓபல் தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். எனக்கு இதுதான் சௌகரியம்.

பீங்கான், ஸ்டோன்வேர் கப்புகள் நன்றாகச் சுட்டு முழுக்க மெருகேற்றியவை என்றால் கவலை இல்லை. சிலவற்றில் கைப்பிடி மட்டும் நெருப்பாகச் சுடும், காபி வெதுவெதுப்பாக இருக்கும். களிமண்ணில் இரும்புச் சத்தோ உள்ளே ஊறிய ஈரமோ அலையைக் குடிக்கிறது என்று அர்த்தம். மண்சட்டியும் அப்படித்தான். ஒரு மெருகும் இல்லாத சட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், அந்த ஈரம் உள்ளுக்குள் ஆவியாகி விரிசல் விடும். மீன்குழம்புச் சட்டியை அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அங்கேதான் மரியாதை.

நம் வீடுகளில் உண்மையான சண்டை எவர்சில்வரோடுதான். பெயர் வெட்டிய டம்ளர், டிபன் பாக்ஸ், தூக்கு, எல்லாமே எவர்சில்வர், மைக்ரோவேவ் வந்து அத்தனையையும் வெளியே நிறுத்திவிட்டது. உலோகம் அலையை உள்ளே விடாது, முகம் பார்க்கும் கண்ணாடியில் வெளிச்சம் பட்டது போலத் திருப்பி அடிக்கும். மூடிய ஸ்டீல் டப்பாவுக்குள் இருக்கும் சாதம் கடைசிவரை சூடாகாது. முள்கரண்டி, ஃபாயில் தாள், கூர்மையான ஓரம், சுவரை ஒட்டிய விளிம்பு இருந்தால் பொறி பறக்கும். இப்போது மைக்ரோவேவ் சேஃப் ஸ்டீல் என்று புதிதாக டப்பாக்கள் வருகின்றன. வழவழப்பான, வளைந்த விளிம்புள்ள, மூடி இல்லாத ஸ்டீல் கிண்ணம் பொறி விடாமல் தப்பிக்கலாம், ஆனால் அப்போதும் அலை மேல்வாய் வழியாகத்தான் நுழைய முடியும், ஆழமான கிண்ணத்தில் அடியில் இருப்பது ஆறியேதான் இருக்கும். இயந்திரத்தோடு வந்த குறிப்புப் புத்தகம் உலோகம் வேண்டாம் என்று சொன்னால் நான் டப்பாக்காரரை நம்ப மாட்டேன், இயந்திரத்தின் விலை அதிகம்.

ஆபீசில் மதியம் ஒரு மணி மைக்ரோவேவ் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. கையில் ஸ்டீல் டிபன் பாக்ஸ், முன்னால் ஏழு பேர், பக்கத்தில் அடுக்கி வைத்த காகிதத் தட்டு. வெள்ளை நிறக் காகிதத் தட்டு என்றால் ஒரு நிமிடத்துக்குப் பரவாயில்லை. விசேஷ வீட்டில் போடும் வெள்ளி போலப் பளபளக்கும் தட்டில் கொட்டி வைத்துவிடாதீர்கள், அந்தப் பளபளப்பு உலோகப் பூச்சு, பொறி பறந்து ஓரம் கருகும். செய்தித்தாளில் கட்டிய வடையை அப்படியே வைப்பதும் வேண்டாம், மை சாப்பாட்டில் ஏறும், தாளும் பற்றலாம். அலுமினியக் கிண்ணத்தில் வந்த பார்சலை மாற்றிக் கொட்டுங்கள். வாழை இலையில் கட்டியது என்றால் இலை பச்சையாக ஈரமாக இருக்கும்வரை நல்லது, வாசனையும் வரும், காய்ந்த இலை கருகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை, ஆனாலும் சாம்பாரை மெல்லிய கவரில் முடிந்து தருவது இன்னும் ஒழியவில்லை. அந்த முடிச்சை அப்படியே மைக்ரோவேவில் வைப்பவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலிகோன் அச்சு, கிண்ணம் நல்லதுதான், ஆனால் நம் மசாலா வாசனை அதில் ஏறிக்கொண்டு போகவே போகாது.

பாத்திரம் சரியாக இருந்தும் கையைச் சுட்டுக்கொள்வது உண்டு. வழவழப்பான கப்பில் வெறும் தண்ணீரைச் சூடு பண்ணினால் கொதிநிலையைத் தாண்டியும் குமிழே வராமல் அமைதியாக நிற்கும், காபித்தூள் போட்டதும் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டு வையுங்கள், தேவைக்கு மேல் சூடு பண்ணாதீர்கள், எடுக்கும் முன் அரை நிமிடம் விடுங்கள். ஓட்டோடு முட்டை கூடவே கூடாது. வேகவைத்து உரித்த முழு முட்டையும் வெடிக்கும், சில சமயம் வெளியே எடுத்துக் கடிக்கும்போது, பாதியாக வெட்டி வையுங்கள். தாளிப்பை அடுப்பிலேயே முடித்துவிடுங்கள், மைக்ரோவேவில் எண்ணெய் எப்போது எவ்வளவு சூடு என்று கணிக்கவே முடியாது, மிளகாய் கருகினால் கதவைத் திறந்ததும் வீடே இருமும். பால் புட்டியை வைக்காதீர்கள், வெளியே வெதுவெதுப்பு, நடுவில் கொதிப்பு, குழந்தை வாய் வெந்துவிடும். அப்பளம் மட்டும் எண்ணெயே இல்லாமல் முப்பது நாற்பது நொடியில் அழகாகப் பொரியும், அதற்கு நேராக உள்ளே சுழலும் கண்ணாடித் தட்டே போதும்.

சூடு பண்ணும்போது பாதியில் நிறுத்தி ஒரு முறை கிளறுங்கள். அலை சமமாகப் பரவாது, ஓரம் கொதிக்க நடு பச்சென்று இருக்கும். நடுப்பகுதியும் 74 டிகிரி வரை போனால்தான் பழைய சாப்பாட்டில் உள்ள கிருமி சாகும் என்பது கணக்கு. சோற்றில் மட்டும் அதுவும் போதாது. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி சோறு வெந்த பிறகும் விதையாகப் பிழைத்து, வெளியே பல மணி நேரம் கிடந்தால் பெருகி ஒரு நஞ்சை விடும், எத்தனை தடவை சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்த சோற்றைச் சூடு பண்ணுங்கள். காலையிலிருந்து மேடையில் கிடந்ததை வேண்டாம்.

இயந்திரத்துக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். 800 வாட் என்று எழுதியிருப்பது சாப்பாட்டுக்குப் போகும் சக்தி, சுவரிலிருந்து அது 1200 வாட் அளவுக்கு இழுக்கும், எக்ஸ்டென்ஷன் கட்டையில் சொருக வேண்டாம். கதிர்வீச்சு பயம் பற்றி நிறைய வாட்ஸாப் வருகிறது. இது எக்ஸ்ரே போன்ற கதிர் அல்ல, கதவைத் திறந்த உடனே நின்றுவிடும், சாப்பாட்டில் தங்காது. அமெரிக்க விதிப்படி 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட் வரைதான் கசியலாம், தூரம் போகப் போக அதுவும் வேகமாகக் குறையும். கதவு சரியாக மூடாவிட்டால், கண்ணாடியின் உள்வலை கிழிந்திருந்தால் ஓட்டாதீர்கள். நாமே ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து பின்பக்கத்தைக் கழற்றுவது மட்டும் கூடவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிரை வாங்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.

தங்கைக்கு நான் கடைசியில் சொன்னது இது. உன் மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன், ஆகவே பிளாஸ்டிக் செட் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் பருப்பு கொட்டி வைத்துக்கொள். போரோசிலிகேட்டில் வட்டமாக இரண்டு, ஒன்று குழம்புக்கு ஒன்று பொரியலுக்கு, மூடி போட்ட ஒன்று ஃபிரிட்ஜுக்கு. விலை பிளாஸ்டிக்கைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும், அதனால் ஏழு பாத்திரம் சேர்ந்த செட் வாங்காதே, அதில் நாலு பரணுக்குத்தான் போகும். சோலோ வைத்துக்கொண்டு தனியாக அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள், சோறு, இட்லி, உப்புமா தவிர வேறு எதுவும் சூடு பண்ணாதவர்கள், 5 எண் போட்ட கெட்டியான டப்பா ஒன்று வைத்துக்கொள்ளலாம், நான் சண்டைக்கு வர மாட்டேன். குழம்புக்கு மட்டும் ஒரே ஒரு கண்ணாடிக் கிண்ணம் கூட வைத்துக்கொள்ளட்டும். ஆபீசுக்குக் கண்ணாடி டப்பா கனம்தான், பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஸ்டீலே மேல், ஆபீசில் ஒரு பீங்கான் கிண்ணம் வைத்துவிட்டால் தீர்ந்தது.

கடைக்குப் போகும் முன் உள்ளே சுழலும் தட்டின் விட்டத்தை அளந்துகொண்டு போ என்றும் சொன்னேன். சின்ன மைக்ரோவேவ்களில் அது சுமார் 25 செ.மீ. தான் இருக்கும், நீளமான செவ்வகப் பாத்திரம் சுவரில் இடித்து நின்றுவிடும், தட்டு சுழலாது, ஒரே பக்கம் கருகும். அதோடு செவ்வகத்தின் நாலு மூலையும் முதலில் காய்ந்துபோகும், வட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. அளந்தாயா என்று நேற்றுக் கேட்டேன், இன்னும் இல்லையாம், டேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாளாம்.